சண்டைக்கு யாரும் வராத நாட்கள்

என் கோபம் ஆரணியில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். காலையில் தறிக்குழியில் கால் வைப்பதற்கு முன்பே யாரையாவது இரண்டு வார்த்தை சொல்லிவிடுவேன். பட்டு இழை சிக்கினால் திட்டுவேன், கரண்ட் போனால் திட்டுவேன். எதிர்வீட்டுக்காரர் தன் பைக்கை என் வாசலை மறித்து நிறுத்தினால் அன்றைக்குத் தெருவுக்கே நல்ல பொழுதுபோக்கு. அவரும் என்னைப் போல நெசவாளிதான், வாயிலும் லேசுப்பட்டவர் இல்லை. "இன்னாய்யா, ரோடு உன் பேர்ல பட்டாவா?" என்பார். "உன் வண்டிய உன் மாமியார் வூட்ல போய் நிறுத்து" என்பேன் நான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருப்போம். வீட்டிலும் அப்படித்தான். நான் ஒன்று சொன்னால் என் மனைவி ஒன்பது சொல்வாள். இத்தனை வருஷக் குடும்பமும் அப்படியே ஓடியது.

போன வருஷம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சை யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது கை கனத்தது. வாயுதான் என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுபடியும் வந்தது. சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் மகள் போனிலேயே அழுது, என்னை அங்கே வரவழைத்து, ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினாள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, டிவி மாதிரி ஒரு பெட்டியில் என் இதயத்தை எனக்கே காட்டினார்கள். மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துச் சரிக்கட்ட முடியாது, பைபாஸ்தான் என்றார்கள். சர்க்கரை ஏறியிருந்ததால் அதை இறக்கிக்கொண்டு வரச் சொல்லி, சில வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

கிளம்பும்போது அங்கிருந்த டாக்டர் என் மகளிடம் சொன்னார்: "அதுவரைக்கும் கனம் தூக்க வேணாம், அலைச்சல் வேணாம். வீட்ல டென்ஷன் இல்லாம பாத்துக்கங்க." வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொன்னார். மகள் அதை அப்படியே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஆரணிக்கு நான் வந்து சேர்வதற்குள் தெரு முழுக்க போன் போய்விட்டது. "அப்பாவுக்குக் கோவம் மட்டும் வரவே கூடாது. வந்தா அவ்ளோதானாம்."

அன்று மதியம் சாப்பாட்டில் உப்பில்லாத சாம்பார். ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "இது சாம்பாரா, கை கழுவுன தண்ணியா?" என்றேன். மற்ற நாளாக இருந்தால் "வேணும்னா துண்ணு, இல்லாட்டி எழுந்து போய்கினே இரு" என்று பதில் வரும். அன்று அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள். "தோ, துவையல் அரைச்சித் தரேங்க" என்றாள். எனக்குப் பகீரென்றது. கல்யாணமான புதிதில் சொன்னதற்குப் பிறகு அந்த 'ங்க'வை நான் கேட்டதே இல்லை.

வாசலுக்கு வந்தால் பைக் இல்லை. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னாய்யா, வண்டிய வித்துட்டியா?" என்று நானே வலியப் போய்க் கேட்டேன். "தெருக்கோடியில வுட்டுட்டு வந்தேன் அண்ணே. உங்களுக்கு எதுக்குப் பேஜாரு?" என்றார். அண்ணனாம்! என்னைவிட இரண்டு வயது மூத்தவர் அவர்.

இப்படியே நாட்கள் போயின. நான் என்ன சொன்னாலும் சரி. மேற்கே சூரியன் உதிக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். எனக்கோ உள்ளுக்குள் பயம் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுப்பார்களாம், இதயத்தை நிறுத்திவிடுவார்களாம், காலிலிருந்து நரம்பை உருவுவார்களாம் என்று யார் யாரோ எப்போதோ சொன்னதெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. அதை யாரிடமாவது கத்திச் சொன்னால் பாதி இறங்கிவிடும். கத்துவதற்கு எதிரே ஆள் வேண்டுமே!

தறியில் அப்போது ஒரு புடவை இருந்தது. முந்தானைப் பகுதியும் புடவையின் உடலில் கொஞ்சமும் பாக்கி. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, இதில் என்ன கனம் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு குழியில் இறங்கினேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள்தான் அப்படி நினைப்போம். மற்றவர்களுக்கு உழைப்பு என்றால் நிற்பதும் நடப்பதும். நாங்கள் உட்கார்ந்தபடியே நாளெல்லாம் இரண்டு காலாலும் மிதித்து, ஒரு கையால் ஊடிழை ஓட்டுகிற நாடாவைச் சுண்டி, மறு கையால் இழையை நெருக்குகிற பலகையை இழுத்து அடிப்போம். அதைப் போய் ஓய்வு என்று நினைத்தேன். நாலு விரற்கடை நெய்வதற்குள் மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். மறுபடி நெய்தேன். மறுபடி நிறுத்தினேன்.

என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. வாய் திறப்பாள், குழியிலிருந்து என்னை இழுத்து வெளியே போடுவாள் என்று நான் காத்திருந்தேன். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னும் கொஞ்சம் நெய்தேன். அப்படியே பிடிவாதமாகச் சில நாளில் அந்தப் புடவையை முடித்தேன்.

தறியிலிருந்து அறுத்து எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் மூச்சுக்காக நிறுத்திய இடமெல்லாம் குறுக்கே கோடு விழுந்திருந்தது. பலகை அடி ஒருசீராக இல்லாததால் ஓரிடத்தில் நெருக்கமும் ஓரிடத்தில் நெகிழ்ச்சியுமாக இருந்தது. தொழில் தெரிந்தவன் கையால் தடவினாலே சொல்லிவிடுவான்.

எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லிப் புடவையாக வாங்கிக்கொள்கிற முதலாளியிடம் கொண்டுபோனேன். அவருக்கும் எனக்கும் எங்கள் இளவயதிலிருந்து பழக்கம். புடவை கொடுக்கப் போவது எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. அவர் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, இல்லாத குற்றமெல்லாம் கண்டுபிடிப்பார். "இன்னாப்பா, கண்ண மூடிகினு நெய்ஞ்சியா?" என்பார். "நீங்க கண்ணத் தொறந்து பாருங்க முதலாளி" என்பேன். சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். கடைசியில் அவர் அடுத்த புடவைக்கான பாவைத் தூக்கி என்மேல் எறியாத குறையாகக் கொடுப்பார். பாவு என்றால் ஒரு புடவையின் நீளவாட்டு இழை மொத்தமும். அது கைக்கு வந்தால்தான் நெசவாளிக்கு அடுத்த வேலை உண்டு என்று பொருள்.

அன்று அவர் புடவையை மடியில் விரித்தார். விரல் அந்தக் கோட்டின் மேல் ஊர்ந்து, நின்றது. பார்த்துவிட்டார், எனக்குத் தெரியும். அடுத்த கோட்டையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவையை மெதுவாக மடித்தார். "நல்லா வந்திருக்குப்பா" என்றார்.

"கோடு வுழுந்திருக்கு முதலாளி" என்றேன் நானே.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியல. வுடு."

"பாவு?"

"இப்ப இன்னா அவசரம்? உடம்பு தேறட்டும். அப்பால பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு எனக்குக் காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினார்.

காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். குற்றம் உள்ள புடவையைக் குற்றம் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, அடுத்த பாவும் கொடுக்காமல் அனுப்பினால் என்ன அர்த்தம்? இவன் இனிமேல் வரப்போவதில்லை, போகிற நேரத்தில் மனசு நோகாமல் அனுப்புவோம் என்றுதானே? ஆஞ்சியோ படத்தைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. தெரு என்னை முடித்துவிட்டது, முதலாளி முடித்துவிட்டார், அது போகட்டும். என் மனைவியும் முடித்துவிட்டாளா? நான் பிழைத்து வருவேன் என்று இவளாவது நம்புகிறாளா? அந்த ஒரு கேள்விதான் அதற்குப் பிறகு எனக்கு எல்லாமாக இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

அட்மிஷனுக்கு முந்தின வாரம் மறுபடி சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மனைவியும் கூட வந்தாள். ஆப்பரேஷன் செய்யப்போகிற டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். "பயமா இருக்கா?" என்றார். "பயமில்ல, ஆத்திரமா இருக்குது" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, எல்லாத்தையும் கேளுங்க" என்று பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எலும்ப அறுப்பீங்களாமே?"

"ஆமா. நெஞ்செலும்ப நடுவுல பிரிப்போம், முடிஞ்சதும் கம்பி போட்டுக் கட்டிடுவோம். நல்லா சேர ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் கனம் தூக்கக் கூடாது, கைய ஊணி எழுந்திருக்கக் கூடாது. இருமல் வந்தா ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுகிட்டு இருமணும். அத முன்னாடியே சொல்லித் தருவாங்க."

"இதயத்த நிறுத்திடுவீங்களாமே?"

"நிறைய பேருக்கு நிறுத்திட்டு மெஷின் அந்த வேலையப் பாக்கும். சில பேருக்கு ஓடிட்டிருக்கும்போதே செய்வோம். உங்களுக்கு எது சரின்னு பாத்து முடிவெடுப்போம்."

"நிறுத்துனது திரும்ப ஓடலன்னா?"

டாக்டர் என் கண்ணைப் பார்த்தார். "ஆபத்தே இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். எந்த ஆப்பரேஷன்லயும் இருக்கு. ஆனா உங்களுக்கு இருக்கிற அடைப்புக்கு, செய்யாம விட்டா அதவிட ஆபத்து." ஊரில் யாரும் என்னிடம் இப்படி நேராகப் பேசி எத்தனை நாளாயிற்று! எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு மரியாதை வந்தது.

"கால் நரம்ப எடுத்துட்டா நான் எப்படி மிதிக்கறது?" என்று கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தறி நெய்வதை நடித்துக் காட்டினேன். வலது கால், இடது கால், சுண்டு, அடி. "பாருங்க, என் உடம்புல சொம்மா இருக்கிற உறுப்பு ஒண்ணுங்கூட இல்ல. எதை எடுப்பீங்க?"

டாக்டர் நிஜமாகவே கவனித்துப் பார்த்தார். "எடுக்கறது நரம்பு இல்ல, ரத்தக்குழாய். அது இல்லன்னாலும் கால்ல ரத்தம் ஓட வேற குழாய் இருக்கு. கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும், மரத்த மாதிரி இருக்கும். தினமும் நடந்தா சரியாயிடும். நெஞ்சுக்குள்ளயே ஒரு குழாய் இருக்கு, அதையும் எடுத்துப்போம். சில பேருக்குக் கையிலேருந்தும் எடுப்போம், உங்களுக்குக் கைய விட்டுடறேன், போதுமா?" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "இவ்ளோ வேகமா காட்டறீங்களே, இப்பவும் நெய்யறீங்களா?"

"கொஞ்சம்" என்றேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "என்னங்க விளையாடறீங்களா? இந்த அடைப்ப வச்சிகிட்டு அந்த வேலை செஞ்சா தேதி வரைக்கும் தாங்குவீங்களா? வீட்ல யாரும் தடுக்கலையா?" எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. வெகுநாள் கழித்து ஒருத்தர் என்னைத் திட்டினார்! தலையைக் குனிந்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று டாக்டர் அவளிடம் திரும்பினார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். கீரைக்காரியிடம் பத்துக் கேள்வி கேட்காமல் ஒரு கட்டு வாங்காதவள், புருஷன் நெஞ்சைப் பிளக்கப்போகிற டாக்டரிடம் கேட்க ஒன்றுமில்லை என்கிறாள். ஆரணிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். சரிதான், இவளும் முடித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வந்தது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்திருந்த மாத்திரை ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். பல் டாக்டரிடம் அனுப்பி, கிருமி இருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அட்மிட் ஆனதும் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கையில் கொடுத்தார்கள். குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்தால் அதிலிருக்கிற மூன்று பந்தும் மேலே ஏற வேண்டும். எனக்கு இரண்டுதான் ஏறியது. மூன்றாவதை விடுவேனா, அதையும் திட்டித் திட்டியே ஏற்றினேன். மார்பிலும் காலிலும் முடியை எடுத்து, மருந்து சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தார்கள். ரத்தம் கொடுக்க எதிர்வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்திருந்தார். "யோவ், உன் ரத்தம் ஏறினா எனக்கும் வண்டிய கண்ட எடத்துல நிறுத்தற புத்தி வந்துடுமேய்யா" என்று சீண்டிப் பார்த்தேன். அந்த மனுஷன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரையும் சீண்ட எனக்கு மனமில்லை.

ஆப்பரேஷன் அன்று காலை. மகள் கீழே ஏதோ கையெழுத்துப் போடப் போயிருந்தாள். நர்ஸ் ஒரு மாத்திரை கொடுத்து, இன்னும் சற்று நேரத்தில் அழைத்துப்போவார்கள் என்றாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் என் மனைவி. பேச வேண்டியதைப் பேசிவிடுவோம் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, தறிய எதிர்வூட்டுக்காரருக்கே குடுத்துடு. அவர்தான் ஒழுங்கா வச்சிக்குவாரு."

தலையாட்டினாள்.

"வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு நீ பொண்ணுகிட்ட போயிடு. மருமவன் தங்கமான பையன். அங்க போய் வாயக் குடுக்காத."

அதற்கும் தலையாட்டினாள். இல்லை என்று சொல்லமாட்டாளா? ஒரு தரம், ஒரே ஒரு தரம், அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்லமாட்டாளா?

"காரியத்தப் பெருசா செய்யாத. சிம்பிளா முடிச்சிடு" என்றேன்.

ஸ்டூல் கீழே சாய்ந்து சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"யோவ்! நிறுத்துய்யா!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னாய்யா நெனச்சிகினு இருக்கற? தறிய குடு, வூட்ட வுடு, காரியத்த சின்னதா செய்யின்னு, சீர்வரிசை சொல்றாப்பல சொல்லிகினே போற! நான் எவ வூட்டு வாசல்ல போய் நிக்கணும்? உப்பில்லாத சோத்த நீ ஒருத்தன்தான் துண்ணியா? நானுந்தானே துண்ணேன்! மூச்சு வாங்க வாங்கத் தறியில உக்காந்தியே, உன்ன இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்தணும்னு எனக்குக் கை துடிச்சிச்சு. உன் பொண்ணு என் வாயக் கட்டிப் போட்டுட்டா! பாவு குடுத்தா நீ அன்னிக்கே குழியில எறங்கிடுவேன்னு முதலாளி கால்ல வுழாத குறையா கெஞ்சினது நானு! எதுவும் பேசி அனுப்பாதீங்கன்னு சொன்னதும் நானு! இவ்ளோவும் பண்ணிட்டு உக்காந்திருந்தா, காரியம் செய்யணுமாம், காரியம்! வாயில இன்னா வருதுன்னு பாத்துப் பேசமாட்ட?"

நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா, அம்மா, இன்னாம்மா இது, அவருக்கு பிபி ஏறிடும்" என்று அவளை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்து என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "ஏறட்டும் விடும்மா" என்றேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். கதவு இடுக்கில் என் மனைவியின் குரல் கேட்டது. "சிஸ்டர், ஒண்ணும் ஆவலையே? ஆப்பரேஷன தள்ளிப் போட்டுடுவாங்களா? நான்தான் கெடுத்துட்டேனா?"

சற்று நேரம் விட்டு மறுபடி பார்த்தார்கள். இறங்கியிருந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. என்னை மாற்றிப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் பக்கவாட்டில் கம்பியைப் பிடித்தபடி லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சியா?" என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன்.

"நெனச்சேன்" என்றாள். மழுப்பவில்லை. "தெனமும் நெனச்சேன். ஏதாச்சும் திட்டி, அதுவே நம்ம கடைசிப் பேச்சா போயிட்டா நான் எப்பிடிய்யா உயிரோட இருக்கறது? அதான் கம்முனு கெடந்தேன். இப்பப் பாரு, பாழாப்போன வாய வுட்டுட்டேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. இனிமேல் வரக் கூடாது என்று தள்ளிக்கொண்டு வந்தவர் சொன்னார். அவள் கம்பியை விடவில்லை.

"இவ்ளோ பேச்சு வாங்கினியே, ஒரு வார்த்த நீ திருப்பிக் கேக்கலியே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "இப்பிடியே போயிடாதய்யா. வந்து பதில் சொல்லு."

நாக்கு தடித்து, கண் சொக்கிக்கொண்டு வந்தது. அவள் கையைத் தட்டினேன்.

"இருடி," என்றேன். "வந்து வச்சிக்கிறேன் உன்ன."